கோல்டு காபிக்கு நாலாவது முறை

முதலில் உறிஞ்சும் சத்தம் வரும். பிறகு நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் ஒரு சின்னச் சொடுக்கு. கடைசியில் "ஆங்" என்று ஒரு மூச்சு.

நல்லபெருமாள் காபி குடிக்கும் சத்தம் அது.

கல்யாணமான புதிதில், விருந்துக்குப் போன வீட்டில் தெய்வானை அவர் காதோரம் சொன்னாள்:

"மெதுவா குடிங்க. மாடு கழனித்தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கு."

மறுநாளிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து குடிப்பார். சத்தம் அடுப்படிவரை வரும். கேட்டுக்கொண்டே அவள் தோசை வார்ப்பாள். அப்படியே வருஷங்கள் போயின.

இப்போது சத்தம் இல்லை.

அவருக்கு வாயில் புற்று. கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். சூடு பட்டால் எரிந்தது. சோறு இறங்கவில்லை. "சூடில்லாம காபி குடு, குடிக்கேன்" என்று அவரே ஒரு நாள் கேட்டார்.

"குடுங்கம்மா, நிறைய பால் ஊத்திக் குடுங்க" என்றார் டாக்டர். "எடை இன்னும் இறங்குச்சுன்னா மூக்கு வழியா குழாய் போட்டிருவோம்."

குழாய் என்றதும் நல்லபெருமாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாளையங்கோட்டையில் எஸ்தர் தன் வீட்டுச் சமையலறையிலேயே விதவிதமாகக் காபி போடக் கற்றுக்கொடுத்தாள். தெய்வானையின் மகள் வயசுதான் இருக்கும். வாயைத் திறக்கவே மாட்டாள் என்று படிக்க வந்தவர்களுக்கு ஒரு குறை.

"டீச்சர், டிகாஷன்ல ஐஸ் போட்டுக் குடுத்தேன். தண்ணியாப் போச்சு. வேற எந்த முறை சரி?" என்று போய்க் கேட்டாள் தெய்வானை.

எஸ்தர் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொரகொரப்பாக அரைத்த தூளைப் போட்டாள். பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

"அவ்வளவுதானா?"

"காலையில வடிகட்டுங்க."

"நடுவுல எடுத்துப் பாக்க வேண்டாமா?"

"பாத்தா சீக்கிரம் ஊறுமா?"

தெய்வானை இரண்டு நாள் கழித்து வந்தாள்.

"கசப்பே இல்ல டீச்சர். ஆனா ரெண்டு வாய்தான். வச்சுட்டாக."

எஸ்தர் குவளை நிறைய ஐஸ் போட்டாள். மேலே காகித வடிகட்டியை வைத்து, தூளை நிரப்பி, கொதிநீரை மெல்லிய இழையாக ஊற்றினாள். சொட்டுச் சொட்டாக ஐஸின் மேல் விழுந்தது. வாசம் அறை முழுக்க எழுந்தது.

"ஐஸ் உருகும். அதுக்குத் தக்கன தூள் கூடப் போடுங்க."

தெய்வானை மறுபடி வந்தாள்.

"தெருவே மணக்குது. அவுக அரை டம்ளர்கூடக் குடிக்கல."

எஸ்தர் டிகாஷனை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தாள். உறைந்த கட்டிகளைக் குளிர்ந்த பாலில் போட்டுக் காட்டினாள். "உருக உருகக் காபி கூடும். நீர்க்காது."

அதற்கும் அடுத்த முறை தெய்வானை வந்தபோது உட்காரவில்லை.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரி. மூணு முறை சொன்னீங்க. மூணும் தோத்துப் போச்சு. காசு வாங்கிக்கிட்டு ஐஸ்கட்டி வித்தை காட்டுதீங்களோன்னு இருக்கு. நாலாவதா ஒண்ணு இருக்கா, இல்லையா?"

"இருக்கு" என்றாள் எஸ்தர். "காபியக் குடுத்துட்டு நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்? எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன், தொண்டையில இறங்குதான்னு."

எஸ்தர் தலையாட்டினாள். ஒரு டம்ளர் காபி கலந்து நீட்டினாள்.

"உக்காருங்க. குடிங்க."

தானும் ஒரு நாற்காலியை முழங்கால் இடிக்கும்படி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தெய்வானையின் தொண்டையையே பார்த்தாள்.

தெய்வானை ஒரு வாய் குடித்தாள்.

"நல்லா இருக்கு."

எஸ்தர் இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தாள்.

இரண்டாவது வாய் பாதியில் நின்று, பிறகு இறங்கியது.

எஸ்தரின் கண் நகரவில்லை.

மூன்றாவது தடவை டம்ளர் உதடுவரை போய்த் திரும்பி வந்தது.

"இப்படி முறைச்சுக்கிட்டிருந்தா எப்படி டீச்சர் எறங்கும்?"

எஸ்தர் எழுந்து போய்த் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தெய்வானை கையிலிருந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நேரே வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் ஃப்ரிட்ஜில் முதல் முறைப்படி ஊறவைத்த காபிதான் மிச்சம் இருந்தது. அதில் பால் ஊற்றினாள்.

"கொல்லைப்பக்கம் போவமா?" என்றாள்.

நல்லபெருமாள் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

மெல்ல நடத்திக் கூட்டிப்போய்த் துவைக்கிற கல்லில் உட்காரவைத்தாள். டம்ளரைக் கையில் கொடுத்தாள். அடுப்படிக்கு வந்து தோசைக்கல்லைப் போட்டாள். மாவு ஆட்டியிருக்கவில்லை. வெறுங்கல் காய்ந்தது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு உறிஞ்சும் சத்தம் வந்தது.

நல்லபெருமாள் அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தார். குழாய் போடவில்லை.