செல்லாயி அவுத்த முடிச்சு

காலை நீட்டிப் படு. போர்வையை இழுத்துக்கோ. நான் நிறுத்துற எடத்துல எல்லாம் "ம்" சொல்லணும். ஆனா கேட்டுட்டுச் சொல்லணும். சும்மா வாய்க்கு வந்தபடி "ம்"னு இழுத்தா எனக்குக் கெட்ட கோவம் வரும். ஏன்னு கதை போகப் போக உனக்கே தெரியும்.

ஒரு ஊர்ல ஒரு குதிரை லாயம். அந்த ஊர் பாளையக்காரரோடது. லாயத்துக்குப் பின்னாடி ஒரு நீளக் கொட்டடி. குதிரைக்கு மாட்டுற சேணம், கடிவாளம், கால் வைக்கிற அங்கவடி, சேணத்தை வயித்தோட சேர்த்து இறுக்குற வயித்து வார், சலங்கை, சவுக்கு, லாடம், எல்லாம் அங்கதான் கெடக்கும். கெடக்கும்னா, அடுக்கி இல்ல, குமிஞ்சு. பாளையக்காரருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. இத்துப் போன வாரைக் கொண்டு போய்க் காட்டினாக்கூட, "கெடக்கட்டும்டா, எங்க தாத்தா வாங்கினது, என்னைக்காவது ஆகும்"பாரு. மகா கஞ்சம்.

அப்போ லாயத்து ஆளுங்க என்ன செஞ்சாங்க? வார் இத்துப் போச்சுன்னா அதுல ஒரு முடிச்சைப் போட்டு ஆணியில மாட்டிருவாங்க. முடிச்சு இருந்தா அதைக் குதிரை மேல ஏத்தக் கூடாது, உசுருக்கு ஆகாது. லாயத்துல எல்லாருக்கும் இது தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சதுனால யாரும் யாருகிட்டயும் வாயைத் தொறந்து சொன்னதே இல்ல.

ம் சொன்னியா? சரி.

அந்த லாயத்துல வீரணன்னு ஒருத்தன். மழையோ வெயிலோ, குதிரையில ஊர் ஊராப் போய் பாளையக்காரர் குடுக்குற தாக்கலை, அதான் சேதியை, சொல்றது அவன் வேலை. அவன் குதிரை பேரு மயிலை. அவன் பொண்டாட்டி செல்லாயி. புதுசாக் கட்டிக்கிட்டு வந்தவ. தறி ஓடுற ஊர்ல பொறந்தவ. தறியில நூல் முடிச்சு விழுந்துச்சுன்னா அன்னைக்கு வேலை கெட்டுச்சு. அதனால முடிச்சை எங்க பார்த்தாலும் அவ விரல் சும்மா இருக்காது. வீரணன் துண்டு முனையில பாக்கை முடிஞ்சு வச்சிருந்தாக்கூட அவுத்து, பாக்கைத் தனியா வச்சு, துண்டை மடிச்சு வச்சிருவா.

"ஏ புள்ள, என்னை மட்டுந்தான் நீ இன்னும் மடிச்சு வைக்கல"ம்பான் அவன்.

அதுக்கு அவ சிரிக்கிற சிரிப்பு இருக்கே, லாயம் வரைக்கும் கேக்கும். அவன்னா அவளுக்கு உசுரு.

அப்புறம் பாளையக்காரர் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டார் லாயத்தைப் பார்க்கணும்னாங்க. பாளையக்காரர் கொட்டடிக் கதவைத் தொறந்தாரு. கிறீ...ச்! எலி கீச்கீச்னு ஓடுது. தூசி பொசுபொசுன்னு கெளம்புது. "ஹச்"சுன்னு தும்மிட்டு, "அவங்க வர்றதுக்குள்ள இது பளபளன்னு இருக்கணும். ஆனா ஒரு துண்டு வார் வெளிய போகக் கூடாது"ன்னாரு. சுத்தமும் பண்ணணும், எதையும் எறியவும் கூடாதாம். லாயத்து ஆளுங்க எல்லாம் பந்தல் வேலை இருக்குன்னு நழுவிட்டாங்க. செல்லாயிதான் சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, "நான் பார்த்துக்கிறேன்"னு வந்தா.

கூட்டினா. தட்டினா. ஒரு கேள்வி வந்துச்சு. வீட்டுக்கு ஓடினா. வீரணன் மத்தியானச் சோத்தைத் தின்னுட்டு அரைக் கண்ணுல கெடக்கான்.

"ஏங்க, கடிவாளத்துல இரும்பெல்லாம் துருவா இருக்கு. புளி போட்டுத் தேய்க்கட்டுமா?"

"ம்."

தேய்ச்சா. பளிச்சுன்னு ஆச்சு. அப்புறம் மறுபடி ஓடியாந்தா.

"ஏங்க, சேணத்தை எல்லாம் குதிரைக்கு ஒண்ணாப் பிரிச்சு, கட்டை மேல ஏத்தி வைக்கட்டுமா?"

"ம்."

ஏத்தி வச்சா. தரை தெரிஞ்சுது. அப்புறம் மூணாவது தடவையும் வந்தா.

"ஏங்க, வாருல எல்லாம் முடிச்சா கெடக்கு. அவுத்துடட்டுமா?"

அவன் அந்தப் பக்கம் பொரண்டு படுத்தான்.

"ம்"னான்.

கேக்காமயே சொன்னான், பாவி.

செல்லாயி உக்காந்து ஒவ்வொரு முடிச்சா அவுத்தா. நகம் வலிக்க வலிக்க அவுத்தா. புங்க எண்ணெயைத் தடவினா. இத்த வார், நல்ல வார், எல்லாம் ஒரே மினுமினுப்பு. எது எதுன்னு இனிமே லாயத்தானுக்கே தெரியாது. அதுல நல்லா மின்னுற வாரா, நீளமாப் பார்த்து ஒண்ணு எடுத்தா. "இது எங்க ஆளுக்கு"ன்னு மயிலையோட சேணத்துல வயித்து வாராக் கோத்தா. ஆசையா எடுத்துக் கோத்தது அது. ம்?

பாளையக்காரர் வந்து பார்த்துட்டு மீசையைத் தடவிக்கிட்டாரு. லாயத்து ஆளுங்களும் எட்டிப் பார்த்து, "அடேயப்பா"ன்னுட்டுப் போயிட்டாங்க. முடிச்சு எங்கன்னு ஒருத்தனும் கேக்கல.

வீரணன் முதல்ல மேளக்காரங்களுக்குத் தாக்கல் சொல்லப் போனான். வார் கிறீச் கிறீச்னுச்சு. "எண்ணெய் போட்ட சத்தம்"னான். அப்புறம் மலையடிவாரத்துக்குப் போனான். சேணம் சரக்குன்னு ஒரு பக்கம் சரிஞ்சுது. இறுக்கிக் கட்டிக்கிட்டு வந்தான்.

"வேற வார் போடட்டுமாங்க?"ன்னா செல்லாயி.

"நீ பார்த்துப் போட்டது, அதுவே இருக்கட்டும் புள்ள"ன்னான்.

அப்புறம் மழை புடிச்சுது. சோ...ன்னு. விடவே இல்ல. பெரிய கண்மாய்க் கரை கசிய ஆரம்பிச்சிருச்சு. கரைக்குக் கீழதான் கரையடிக்குடின்னு ஒரு ஊரு. பாளையக்காரர் ஓடியாந்து, "வீரணா, கரை நிக்காது. அவங்களை மேட்டுக்கு ஏறச் சொல்லு"ன்னாரு. மத்த குதிரை எல்லாம் மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டியாரப் போயிருந்துச்சு. வீரணன் மயிலை மேல தாவினான். தடதட தடதட...

செல்லாயி லாய வாசல்லயே நின்னா.

கொஞ்ச நேரத்துல, டக்... டக்... டக். மயிலை வருது. நொண்டிக்கிட்டு வருது. மேல ஆள் இல்ல. சேணம் வயித்துக்குக் கீழ தொங்குது.

லாயத்துல மிச்சம் இருந்தது முட்டி செத்த ஒரு தாத்தா. அவரு அறுந்த வாரை எடுத்துப் பார்த்தாரு. முடிச்சு மடிஞ்சு கெடந்த தடத்துலயே அறுந்திருக்கு.

"அடியே, இது முடிச்சுப் போட்டு வச்ச வாராச்சே! இத்ததுக்குத்தானே முடிச்சுப் போடுவோம்! யாரு அவுத்தது?"

செல்லாயி மயிலை வந்த வழியைப் பார்த்தா. மழையில ஓடினா.

கரையடிக்குடிக்குப் போற வழியில ஒரு ஓடை. அது நடுவுல, பாறைகிட்ட கெடந்தான் வீரணன். உசுரு இருந்துச்சு. "இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல புள்ள"ன்னான். அவ தூக்கினா, முடியல. தோளைப் புடிச்சு இழுத்தா, முடியல. சேலையைச் சுத்திக் கட்டி இழுத்தா, அவன் வலியில கத்தின கத்துல கையை விட்டுட்டா.

"நான்தாங்க அவுத்தேன். உங்களைக் கேட்டுத்தான் அவுத்தேன்"னு அழுதா.

"கேட்டியா? எனக்கு நெனப்பே இல்லையே"ன்னான் அவன். அவ கண்ணைத் தொடச்சு விட்டான். "அழாத. கரையடிக்குடிக்கு ஓடு. புள்ளகுட்டி எல்லாம் வீட்டுக்குள்ள இருக்கும்."

"கரை ஒடைஞ்சா தண்ணி இந்த ஓடையிலதானே வரும்? உங்களை இப்படியே விட்டுட்டுப் போகவா சொல்றீங்க?"

அவன் அவ மூஞ்சியையே பார்த்தான். கேட்டான். நல்லாக் கேட்டான்.

"ம்"னான்.

...நீ இப்ப சொல்ல வேண்டாம். சும்மா படு.

அவ ஓடினா. விழுந்து எழுந்து ஓடினா. "மேட்டுக்கு ஏறுங்க, மேட்டுக்கு ஏறுங்க"ன்னு வீடு வீடாக் கதவைத் தட்டினா. தட தட தட! ஆடு, மாடு, புள்ளைங்க, எல்லாம் ஏறிருச்சு. அப்போதான், தடா...ல்! கரை போச்சு. அவ திரும்பி வந்தப்போ அங்க ஓடையும் இல்ல, பாறையும் இல்ல, ஒரே தண்ணி. அவ வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டு அழுதா. அவளைத் தேத்த ஆளு இல்ல.

தண்ணி வடிஞ்சு, அவனை எடுத்து அடக்கம் பண்ணிட்டு, நேரா கொட்டடிக்கு வந்தா. எல்லா வாரையும் வாசல்ல போட்டு, பக்கத்துல நெருப்பை மூட்டினா. ஒவ்வொண்ணையும் காலால மிதிச்சு, ரெண்டு கையாலயும் இழுத்தா. பட்! அறுந்தது நெருப்புக்கு. பட்! அதுவும் நெருப்புக்கு.

பாளையக்காரர் ஓடியாந்தாரு. "ஏய், எறியாத! எங்க தாத்தா..."

செல்லாயி மயிலையோட அறுந்த வாரை எடுத்து அவரு கையில குடுத்தா.

"அவுத்தது நான். வச்சிருந்தது நீங்க. என்னைக்காவது ஆகும்னு வச்சிருந்தீங்களே சாமி, ஆயிருச்சு."

அவரு நெருப்பு எரிஞ்சு முடியற வரைக்கும் கையில வாரை வச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு.

அம்புட்டுத்தான். விளக்கை அணைக்கட்டுமா?

"ம்."

கேட்டுட்டா சொன்ன?

"கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

சரி. குதிரை லாயத்துக்குப் போயிருச்சு, கதை வந்த வழியே போயிருச்சு. கண்ணை மூடு.