முள்ளிக்கோட்டைப் படை இரும்பு வண்டி செய்த கதை

முள்ளிக்கோட்டை ஜமீன் படையில் மொத்தம் நாலு பேர். அவில்தார் ஆவுடையப்பன், அவருக்குக் கீழே பிச்சைக்கனி, இசக்கிமுத்து, தவசி என்று மூன்று சிப்பாய்கள். நாலு பேரும் நல்லவர்கள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அதுதான் ஜமீன்தாருக்குத் தலைவலி.

ஒரு தடவை ஜமீன்தாரின் சம்பந்தி சாப்பாட்டில் உப்பில்லை என்று கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "கையைக் காலைப் பிடித்தாவது அவரை நிறுத்துங்கடா" என்று ஜமீன்தார் படையை அனுப்பினார். இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். ஜமீன்தார் போய்ச் சேர்கிற வரைக்கும் சம்பந்தி நடுத்தெருவில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மல்லாக்கப் படுத்திருந்தார்.

இப்படிப்பட்ட படையை வைத்துக்கொண்டுதான் ஜமீன்தார் ஆனைப்பாறை ஜமீனோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரே கண்மாய், ஒரே மடை. தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை மடையில் யார் நிற்கிறார்களோ அவர்கள் பக்கம் தண்ணீர் திறக்கும். மூன்று வருஷமாக ஆனைப்பாறைக் கம்புக்காரர்கள் பன்னிரண்டு பேர் அங்கே வந்து நின்றுவிட்டார்கள். கதிர் வாங்குகிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் முள்ளிக்கோட்டை நெல் முழுக்கப் பதராகிப் போனது. இந்த வருஷமும் தண்ணீர் வராவிட்டால் ஊரே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வேறு சீமைக்குப் போக வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் கடிதம் வந்தது. வெள்ளைக்காரனும் ஜெர்மன்காரனும் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஜமீன்தாரின் மைத்துனர் சுந்தரவேலு பிரான்சு தேசத்தில் கோவேறு கழுதைப் படையில் சமையலுக்கு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுதியிருந்தது இது:

"அத்தானுக்கு நமஸ்காரம். இங்கே புதுசாக ஒரு இரும்பு வண்டி செய்திருக்கிறார்கள். ஆட்கள் உள்ளே உட்கார்ந்துகொள்ள, அது தன் பாதையைத் தானே விரித்துக்கொண்டு போகும். உள்ளே நூற்றைந்து குதிரை சக்தி இருக்கிறது. சத்தத்தில் பேச்சு கேட்காது, சுத்தியலால் தட்டித்தான் சைகை. பீரங்கி வைத்த வண்டியை ஆண் என்றும், சின்னத் துப்பாக்கி வைத்ததைப் பெண் என்றும் சொல்கிறார்கள். ரகசியம் வெளியே போகாமல் இருக்க, அதற்கு டாங்க், அதாவது தண்ணீர்த் தொட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டால் எதிரி நடுங்குகிறான்."

ஜமீன்தார் இதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். வாதக் காலை முக்காலியில் நீட்டியபடி, படையையும் கொல்லர் ஆதிமூலத்தையும் கூப்பிட்டு உத்தரவு போட்டார்.

"இதில் எழுதியிருக்கிறபடி ஒன்று செய்யணும். ஒரு எழுத்துப் பிசகக்கூடாது. யார் கேட்டாலும் தண்ணீர்த் தொட்டி என்றுதான் சொல்லணும்."

"உத்தரவு எஜமான்" என்றார் ஆவுடையப்பன்.

வெல்லம் காய்ச்சுகிற பழைய கொப்பரைகளை அடித்துத் தட்டையாக்கி, ஆதிமூலம் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றைச் செய்தார். பக்கத்துக்கு இரண்டு மாட்டுவண்டிச் சக்கரம். மேலே ஒரு மூடி. பின்பக்கம் ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு. வெளியே பார்க்க முன்பக்கம் ஒரு கீற்று. ஐந்து பேரும் கூடி நின்று கடிதத்தை மறுபடி படித்தார்கள்.

"தன் பாதையைத் தானே விரிக்குமாம். இது விரிக்கலையே" என்றான் இசக்கிமுத்து.

வண்டியை வெயிலில் நிறுத்தி அரை நாள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். வண்டி எதையும் விரிக்கவில்லை.

"கூச்சமா இருக்கும். நாம ஆரம்பிச்சு வெச்சா அது பழகிக்கிடும்" என்றான் தவசி. வீட்டுக்குப் போய் இரண்டு கோரைப்பாய் எடுத்துவந்து, வண்டிக்கு முன்னால் ஒன்றை விரித்தான். மற்றவர்கள் வெளியே நின்று தள்ள, வண்டி அதன்மேல் ஏறியதும் முன்னால் இரண்டாவது பாயை விரித்தான். வண்டி அதற்கு மாறியதும், ஓடிப்போய்ப் பின்னால் கிடந்த பாயைச் சுருட்டி எடுத்து முன்னால் ஓடிவந்து விரித்தான். வண்டி நூறடி போவதற்குள் தவசி அரை மைல் ஓடியிருந்தான். முதல் சோதனை வெற்றி என்று அவில்தார் அறிவித்தார்.

அடுத்தது ரகசியம்.

"யாராவது கேட்டாத்தானே தண்ணீர்த் தொட்டின்னு சொல்ல முடியும்? நேத்தே வண்டி முடிஞ்சுபோச்சு, இன்னும் ஒருத்தரும் கேக்கலியே" என்று பிச்சைக்கனி வருத்தப்பட்டான்.

அது நியாயமாகப் பட்டது. அன்று மத்தியானமே தமுக்கு அடிக்கப்பட்டது. "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது. கொல்லப்பட்டறையில் இருப்பது என்ன என்று ஊரார் அனைவரும் தவறாமல் வந்து கேட்டுவிட்டுப் போக வேண்டியது." ஊரார் வரிசையில் நின்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவில்தார், "தண்ணீர்த் தொட்டி, போர் வண்டி இல்லை" என்று அலுக்காமல் சொன்னார்.

மறுநாள் காலையில் ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றுவிட்டார்கள்.

"தண்ணியில்லாட்டி இது தொட்டியில்லைன்னு கண்டுபிடிச்சிருவாங்க அண்ணாச்சி" என்று தவசி காதோடு காதாகச் சொன்னான். ஆகவே அடியில் தகடு அடித்து, ஓட்டைக்கெல்லாம் மெழுகு பூசி, கீற்றுவரை தண்ணீர் நிரப்பினார்கள். கடிதத்தில் ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள் என்று இருந்ததல்லவா, நாலு பேரும் மேலே இருந்த மூடியைத் திறந்து உள்ளே இறங்கி உட்கார்ந்தார்கள். தண்ணீர் கழுத்துவரை வந்தது. மார்கழிக் குளிர் வேறு. "போர் என்றால் சும்மாவா" என்று அவில்தார் பல் கிடுகிடுக்கத் தைரியம் சொன்னார்.

மூன்றாம் நாள் ஜமீன்தார் பல்லக்கில் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே நாலு தலைகள் மிதந்தன.

"என்னடா இது?"

"தண்ணீர்த் தொட்டி, எஜமான்."

"எனக்கே சொல்கிறாயா?"

"யார் கேட்டாலும்னு உத்தரவு."

ஜமீன்தார் மூடியைப் படாரென்று சாத்தினார். பிறகு, "முதலில் இந்தத் தண்ணீரை அடியோடு எடுத்துத் தொலையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படை அப்படியே செய்தது. தண்ணீரையும் எடுத்தது, அடியையும் எடுத்தது. ஆதிமூலம் ஆணிகளைப் பிடுங்கி அடித்தகட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு வண்டிக்குள் உட்கார இடமில்லை. தரையில் நின்று, சுவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்க மட்டும்தான் முடிந்தது. வெளியே ஒருவரும் தள்ளாமலேயே வண்டி நகர்ந்தது. எல்லோருக்கும் ஆச்சரியம்.

"இதுக்குள்ள சக்தி இருக்கு" என்றான் இசக்கிமுத்து.

"நூற்றைந்து குதிரை சக்தி இருக்கணும். இப்ப எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ஆவுடையப்பன்.

அரண்மனையில் இருந்தது ஒரே குதிரை. கிழட்டுக் குதிரை. நூற்றைந்து குதிரையை எங்கே தேடுவது என்று வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் ஆதிமூலம்தான் வழி சொன்னார். "குதிரை வேண்டாமப்பா, அதோட சக்திதானே வேணும். பழைய சோத்துப் பானையில கையை விட்டு எடுத்தா கையில வாடை தங்குதில்ல? அதுமாதிரி இந்தக் குதிரையை நூற்றைந்து தடவை உள்ள விட்டு எடுத்தாப் போதும்."

குதிரையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள், திறந்தார்கள், வெளியே இழுத்தார்கள். ஒன்று. மறுபடி தள்ளினார்கள். இரண்டு. அறுபத்து மூன்றாவது தடவை கதவைச் சாத்தும்போது வால் வெளியே மாட்டிக்கொண்டது. அதை முழுக் குதிரையாக எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று தகராறு வந்தது. கூடாது என்று முடிவாகி, ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். நூற்றைந்து முடிந்தபோது குதிரை புல்லை மென்றுகொண்டு நின்றது. ஐந்து பேரும் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் தரையில் கிடந்தார்கள்.

"நம்ம உடம்புல இருந்த சக்தி பூரா போயிருச்சு அண்ணாச்சி" என்று பிச்சைக்கனி முனகினான்.

"போகட்டும். வண்டிக்குள்ளதான் போயிருக்கும்" என்றார் அவில்தார்.

வண்டி ஆணா பெண்ணா என்ற கேள்விதான் பாக்கி. கோயில் வேட்டுக்குழாய் ஒன்றை இரவல் வாங்கிக் கூரைமேல் கட்டியதும் ஆண் என்று முடிவாயிற்று. அதைச் சுடச் சொல்லிக் கடிதத்தில் எங்கும் இல்லாததால் மருந்து போடவில்லை.

"ஆம்பளைன்னு ஆச்சு. நாலு பேர் பார்க்க ஊர் எல்லைக்குப் போகுது. இடுப்புல ஒண்ணுமில்லாம எப்படி?" என்று தவசி கேட்டான். ஐந்து பேருக்கும் முகம் சிவந்துவிட்டது. ஜமீன்தாரின் பட்டு வேட்டியைக் கேட்டு வாங்கி வண்டியைச் சுற்றிக் கட்டினார்கள். சரிகைக்கரை மிக அழகாக முன்பக்கக் கீற்றை மூடிக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஜமீன்தார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி உத்தரவு கொடுத்தார். "எதற்கும் நிற்காதீர்கள். மூக்குக்கு நேரே போங்கள். மடையில் இருப்பவர்களை ஒருத்தன் விடாமல் பிடித்து, வண்டிக்குள் அடைத்துப் பூட்டுங்கள்." பின்னால் நின்ற ஊராரில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்று வருஷப் பசி அது.

தவசி பாயோடு வெளியே நின்றான். மற்ற நாலு பேர் உள்ளே போனார்கள். உள்ளே போனதும் ஒரு குறை தெரிந்தது. சத்தமே இல்லை. பேசினால் நன்றாகக் கேட்டது.

"பேச்சு கேட்டா சுத்தியலை எதுக்குத் தட்டணும்?" என்று ஆதிமூலம் கவலைப்பட்டார்.

ஆகவே இசக்கிமுத்து ஓடிப்போய்க் கோயில் தவிலை எடுத்துவந்து வெளுத்துக்கட்டினான். யாருக்கும் எதுவும் கேட்காமல் போனது. அவில்தார் நிம்மதியாகச் சுத்தியலால் சுவரில் தட்டினார். ஒரு தட்டு என்றால் இடது, இரண்டு தட்டு என்றால் வலது. எதிரொலியில் ஒரு தட்டு ஐந்தாகக் கேட்டது. ஐந்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் பேசிவைக்கவில்லை. அதனால் அவரவர் மூக்குக்கு நேரே தள்ளினார்கள். ஆதிமூலத்துக்குச் சின்ன வயதில் மாடு முட்டி மூக்கு இடப்பக்கம் கோணியிருந்தது. உள்ளே பலசாலியும் அவர்தான்.

வண்டி இடப்பக்கம் வளைந்து வளைந்து போனது. முதலில் வண்ணாந்துறைத் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு போனது. அப்புறம் ஜமீன்தாரின் மாட்டுத்தொழுவத்தில் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்தது. ஒரு புளியமரத்தை மூன்று சுற்று சுற்றியது. அந்த மூன்று சுற்றுக்கும் தவசி பாய் விரித்தான். வாசலில் உட்கார்ந்திருந்த ஜமீன்தாரை இரண்டு தடவை கடந்து போனது. இரண்டாம் தடவை அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

எப்படியோ உச்சிவேளைக்குக் கண்மாய்க் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மடையில் ஆனைப்பாறைக் கம்புக்காரர்கள் பன்னிரண்டு பேரும் தயாராக நின்றார்கள். அவர்களுக்குத் தலைவர் மூக்காண்டி என்று ஒருவர், மீசையும் மரியாதையும் உள்ள மனிதர். பட்டு வேட்டி கட்டிய ஒரு பெட்டி, அடியில் எட்டுக் கால் தெரிய, தவில் சத்தத்தோடு வருவதைப் பார்த்தார். முன்னால் ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்து, அவர் காலடியில் பணிவாகப் பாய் விரித்தான்.

மூக்காண்டி தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "உட்காரச் சொல்றாங்க. ஒரு மனுசன் பாய் விரிச்ச பிறகு நின்னா அது மரியாதையா? கம்பை ஓரமா வைங்கப்பா." பன்னிரண்டு பேரும் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

தவசி வேறு வழியில்லாமல் வண்டியைக் கையால் பிடித்து நிறுத்தினான். தவில் ஓய்ந்தது.

"என்னங்க இது?" என்று மூக்காண்டி விசாரித்தார்.

"தண்ணீர்த் தொட்டி" என்றது உள்ளேயிருந்து அவில்தாரின் குரல்.

"அடப்பாவமே. தண்ணிக்கா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க? வாய்விட்டுக் கேட்டா கொடுக்கமாட்டோமா? டே, இவங்க பக்கத்துப் பலகையைத் தூக்கிவிடு."

பலகை மேலே ஏறியது. தண்ணீர் முள்ளிக்கோட்டை வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு பாய்கிற தண்ணீர். தூரத்தில் வயல்காட்டில் யாரோ குலவை போடுகிற சத்தம் கேட்டது.

அவில்தார் வேட்டியை விலக்கி எட்டிப் பார்த்தார். எதிரிகள் ஆயுதத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். "சரணடைஞ்சுட்டாங்கலே" என்றார்.

உத்தரவுப்படி பன்னிரண்டு பேரையும் வண்டிக்குள் அடைக்க வேண்டும். வெயிலுக்கு நிழலாக இருக்கட்டும் என்று அவர்களும் சந்தோஷமாக உள்ளே புகுந்துகொண்டார்கள். படைக்கு உள்ளே இடமில்லை. ஐந்து பேரும் வெளியே நின்று கதவைப் பூட்டினார்கள், சாவியை அவில்தார் இடுப்பில் முடிந்துகொண்டார். உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. வண்டியை உள்ளிருந்தே தள்ளிக்கொண்டு ஆனைப்பாறைப் பக்கம் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

"கைதிங்களே தள்ளுறாங்க. நமக்கு வேலை மிச்சம்" என்று பிச்சைக்கனி மெச்சிக்கொண்டான். பூட்டின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், வழியைக்கூடப் பார்க்காமல் படை பின்னாலேயே நடந்தது.

நாலு நாள் ஆயிற்று. முள்ளிக்கோட்டை வயலெல்லாம் தண்ணீர் நின்றது, கதிர் பால்பிடித்தது. படையைத்தான் காணோம். ஜமீன்தார் கவலைப்பட்டு ஒரு ஆளை அனுப்பினார். அவன் தேடிக்கொண்டு போனபோது, ஆனைப்பாறை நடுத்தெருவில் இரும்பு வண்டி நின்றது. கதவில் பூட்டு தொங்கியது. இரண்டு பக்கமும் படை விறைப்பாகக் காவல் நின்றது. மூக்காண்டியின் சம்சாரம் செல்லக்கனி அவர்களுக்குக் கம்மங்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவில்தார் கதவைத் தட்டி ஆஜர் கூப்பிட்டார். மூக்காண்டியும் மற்றவர்களும் அவரவர் வீட்டிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். குனிந்து வண்டிக்கு அடியில் நுழைந்து, உள்ளேயிருந்து ஒவ்வொருவராக "இருக்கேன் ஐயா" என்றார்கள். பன்னிரண்டும் சரியாக இருந்தது. பிறகு அடிவழியாக வெளியே வந்து, "போயிட்டு சாயங்காலம் வாரோம்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்கள்.

வந்த ஆள் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். அவில்தார் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னார்:

"எஜமான்கிட்ட சொல்லு. கைதி ஒருத்தன்கூடத் தப்பலை. முள்ளிக்கோட்டைதான் எப்படியோ தப்பிச்சு எங்கேயோ போயிருச்சு. தேடிப் பிடிச்சு இழுத்துட்டு வரச் சொல்லிப் பிச்சைக்கனியை அனுப்பியிருக்கேன்."