பொட்டாசியம் உப்பு போட்ட சாம்பார்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர் இருந்ததாம். ஊர்க்கோடியில் ஒரு மடம். உச்சிப்பொழுது ஆனால் வந்தவருக்கெல்லாம் அங்கே சோறு.

மடத்துச் சாமி இளையவர். அவருடைய சீடர் மருதாசலம் தலை நரைத்தவர். சமையற்கட்டு அவர் பொறுப்பு.

ஒரு நாள் பந்தி உட்கார்ந்த பிறகு, மருதாசலம் உப்புப் பாக்கெட்டும் கையுமாக சாமியிடம் வந்தார்.

"சாமி, மில்லுக்காரர் மூட்டையாக் குடுத்த உப்புங்க இது. பிரஷருக்கு நல்லதுன்னார். இன்னிக்குச் சாம்பார்ல இதைத்தான் போட்டேன். இப்பத்தான் பாக்கெட்டைப் படிக்கிறேன். சோடியத்தைக் குறைச்சுப் பொட்டாசியம் சேத்திருக்காங்களாம். சிலர் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிடணும்னு பொடி எழுத்துல போட்டிருக்கு."

"சரி."

"நல்லதுங்களா, கெட்டதுங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க. இலையில ஊத்திடறேன், இல்லே கீழே கொட்டிடறேன்."

"பந்தியில சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது? மில்லுக்காரர் முதல் இலையில உக்காந்திருக்கார். மனசு நோகும். பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிடுவாங்க."

சாமி சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டார். பரிமாறுகிறவர் பண்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே போவது அந்த மடத்து வழக்கம்.

"சாம்பார்... பொட்டாசியம் உப்பு போட்ட சாம்பார்..."

மில்லுக்காரர் நிமிர்ந்தார். "என்னங்க சாமி, உப்பையுமா கூவுவாங்க?"

"சாம்பார் வேணுங்களா?"

"ஊத்துங்க."

அடுத்த இலை பாவாத்தாளுடையது. "பிரஷருக்கு நல்லதாமே. இன்னொரு கரண்டி விடுங்க சாமி."

"போன வாரம் பாயசத்துக்கும் இதையேதான் சொன்னா" என்றாள் பக்கத்திலிருந்தவள். பந்தி சிரித்தது.

யாரும் எழுந்து போகவில்லை. கடைசி இலையில் நெசவுக்காரர் அங்கமுத்து. வாளி கிட்டே வந்ததும் இரண்டு கைகளாலும் இலையை மூடிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாங்க சாமி. கிட்னி போயிடுச்சு. மெசின்ல விட்டுத்தான் ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. பொட்டாசியம் ஏறினா நெஞ்சே நின்னு போகும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு."

மில்லுக்காரர் கை சோற்றிலேயே நின்றது. "நல்லதுன்னுதானுங்க குடுத்தேன்."

"நல்லதுக்குத்தான் குடுத்தீங்க" என்றார் சாமி.

அங்கமுத்துவுக்குச் சமையற்கட்டிலிருந்து சர்க்கரை வந்தது. வெறும் சோற்றில் தூவிப் பிசைந்து சாப்பிட்டார்.

பந்தி கலைந்தது. மருதாசலம் சாமியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்ப அது கெட்டதுங்களா?"

"பாவாத்தாள் ரெண்டு கரண்டி சாப்பிட்டாங்களே."

"அப்ப நல்லதுங்களா?"

சாமி காலி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"மூட்டை அப்படியே இருக்குங்க. நாளைக்கும் இதையே போடட்டுங்களா? நீங்கதான் சொல்லணும்."

"என்னை ஏன் கேக்கறீங்க? அங்கமுத்து இன்னும் வாசலைத் தாண்டலே."

மருதாசலம் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.