பக்கீர் லெப்பையின் முழங்கால்

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பவில்லை. சொன்னவர் பொய் பேசுகிற ஆள் இல்லை. அவர்தான் பக்கீர் லெப்பை, நடந்ததும் அவருக்குத்தான். ஆனாலும் ஓர் இடத்தில் மனம் முரண்டு பிடிக்கிறது. கேட்டபடியே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருஷமாக லெப்பையின் வலது முழங்கால் தேய்ந்துகொண்டே வந்தது. பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுகிறவர்களை "சினிமாக் கொட்டகைக்காரங்க" என்று கேலி பேசியவர் அவர். அந்த வாயாலேயே தனக்கும் ஒரு நாற்காலி கேட்க முடியவில்லை. வலி மாத்திரையை விழுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தார். ஒரு நாள் எழ முடியாமல் போயிற்று. நாலு பேர் தூக்கினார்கள். அப்போதுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். மறுபடியும் நெற்றி தரையில் படவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

முழங்கால் மூட்டை மாற்றினார்கள். ஐந்து வாரம் ஆகியும் வலி விடவில்லை. காலை மடக்கிப் பழக்க வந்த பெண்ணை, "உன் கையால சாக நான் என்ன கோழியா?" என்று விரட்டிவிட்டார். மனைவி மைமூன் மனசு கேட்காமல் முழங்காலுக்கடியில் ஒரு தலையணை வைத்தாள். கொஞ்சம் சுகமாக இருந்தது. பிறகு அதை எடுக்கவே அவர் விடவில்லை. கால் அரைகுறையாக மடங்கிய நிலையிலேயே விறைத்துக்கொண்டு வந்தது. நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை.

"இன்னும் பத்து நாள் பார்ப்போம். மடங்கலைன்னா மயக்க மருந்து கொடுத்து நாங்களே மடக்க வேண்டியிருக்கும்," என்றார் டாக்டர்.

"அதுக்கு முன்னாடி என்னை அடக்கம் பண்ணிடுங்க."

லெப்பை அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் உவைஸ் அஸ்ரத் பார்க்க வந்தார். லெப்பைக்கு அவர் குரு. வயதில் ஏழு வருஷம் இளையவர் என்பதால் சீடரை அண்ணன் முறையில் 'காக்கா' என்றே கூப்பிடுவார். முப்பது வயதிலேயே மூட்டுகளை முறுக்கும் சரவாங்கி நோய் அவரைப் பிடித்துவிட்டது. விரல்கள் கோணியிருந்தன. இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. இதயம் தாங்காது என்று அவருக்குக் கத்தி வைக்க எந்த டாக்டரும் துணியவில்லை.

அவர் சுவரோரமாக, கட்டிலை ஒட்டி நின்றார்.

"வலிச்ச எலும்பை அறுத்துத் தூரப் போட்டாச்சு, அஸ்ரத். இன்னும் எது வலிக்குது?"

அஸ்ரத் குனிந்து, முழங்காலுக்கடியில் இருந்த தலையணையை உருவினார். லெப்பை அலறினார். அந்த அலறலோடு தலையணையும் அஸ்ரத்தும் தரைக்குப் போனார்கள். சுவரில் அவர் முதுகு உரசிக்கொண்டே இறங்கியது. முகம் வெளுத்துவிட்டது.

விழுந்த இடத்திலிருந்தே அஸ்ரத் ஒரு கையை மேலே நீட்டினார்.

"காக்கா, என்னை எழுப்புங்க."

மைமூன் ஓடி வந்தாள்.

"நீங்க இருங்கம்மா. காக்கா எழுப்புவாங்க."

"என்னாலயே எழ முடியலையே, அஸ்ரத்!"

"எழ வேணாம். கை கொடுங்க, போதும்."

லெப்பை கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து காலைத் தொங்கவிட்டார். கை எட்டவில்லை. எட்ட வேண்டுமானால் பாதத்தைக் கட்டிலுக்கடியில் இழுத்துக்கொண்டு குனிய வேண்டும். இழுத்தார். உள்ளே ஏதோ கிழிவது போலிருந்தது. செத்துப்போன உம்மாவைக் கூப்பிட்டு அழுதார். இன்னும் இரண்டு விரல் தூரம் இருந்தது. இன்னும் இழுத்தார். கோணல் விரல்கள் அவர் கைக்குள் வந்தன.

அஸ்ரத் மறு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து முனகினார்கள்.

"உங்களுக்கு வலிக்கலையா, அஸ்ரத்?"

"உயிர் போகுது. நாளைக்கு வர்றேன்."

வந்தார். தினமும் சாயங்காலம் வந்து, தலையணையைத் தரையில் போட்டு உட்கார்ந்தார். தினமும் ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்தார்.

"கொஞ்சம் கிட்ட வாங்களேன், அஸ்ரத்."

"இங்கதான் தரை குளிர்ச்சியா இருக்கு, காக்கா."

ஒன்பது நாள் வந்தார். பத்தாம் நாள் வரவில்லை. படுத்த படுக்கையாகிவிட்டார் என்றார்கள்.

அன்று காலைதான் டாக்டர் லெப்பையின் காலைப் பார்த்து, இவ்வளவு மடங்கினால் போதும் என்று சொல்லியிருந்தார். தரையில் முட்டி போட்டுத் தொழுவது மட்டும் இனி வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அதை லெப்பை மைமூனிடம்கூடச் சொல்லவில்லை. வாக்கரை ஊன்றி, மூன்று தெரு தாண்டி, அஸ்ரத்தின் வீட்டுக்குப் போனார்.

அஸ்ரத் கண்ணைத் திறந்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"இல்லை, அஸ்ரத். வலியும் கூடவே வந்திருக்கு."

"அப்ப ரெண்டு பேரும் உட்காருங்க."

அந்தப் படுக்கையிலிருந்து அஸ்ரத் எழவே இல்லை.

லெப்பைக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது என்கிறார். போன மாதம், கேட்கக் கூடாது என்று தெரிந்தே அவரிடம் கேட்டுவிட்டேன்.

"மாமா, அந்த முதல் நாள் அஸ்ரத் உட்கார்ந்தாங்களா, விழுந்துட்டாங்களா?"

தொழுகை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என் பக்கம் கையை நீட்டி, "முதல்ல என்னை எழுப்பு," என்றார்.