மைதானம் கத்த வேண்டிய பேர்

அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் டெல்மருக்கு ஒரே வேலை. பந்தை உதைக்கிற ஆள் பின்னால் காத்திருக்க, இவன் குனிந்து பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்பக்கம் எறிய வேண்டும். வருஷக்கணக்காகப் பிசகாமல் எறிந்தான். அதனாலேயே அவன் பேர் ஒருவருக்கும் தெரியாது.

அணியைப் புதிதாக வாங்கிய ஹார்லனுக்கு ஆட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வாய் மட்டும் காது வரைக்கும் நீளும். ஒரு விருந்தில் எல்லார் முன்னாலும் டெல்மரைக் கூப்பிட்டார்.

“குனிஞ்சு நிமிர்றதுக்குச் சம்பளமா? ஞாயிற்றுக்கிழமை மைதானமே உன் பேரைச் சொல்லிக் கத்தணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டு!”

கூட இருந்த ஜால்ராக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“ஆகட்டும் முதலாளி,” என்றான் டெல்மர்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி உதை ஒன்றுதான் பாக்கி. பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் கோப்பை. கேமராவில் முகம் காட்ட ஹார்லன் மைதானத்து எல்லைக்கோட்டின் ஓரம் வந்து நின்றார். டெல்மர் நேரே அவரிடம் போனான்.

“முதலாளி, இப்பக் கத்த வெச்சுடட்டுமா? பந்தைப் பின்னால நிக்கிறவன் தலைக்கு மேல எறிஞ்சாப் போதும், கோப்பை போச்சு. நாடே என் பேரைச் சொல்லும். என்னை வெச்சிருக்கிற உங்க பேரையும் சேர்த்துச் சொல்லும்.”

ஹார்லனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, யாரும் உன் பேரைச் சொல்ல வேண்டாம்பா!”

“அப்ப மூட்டை?”

“நான் எப்பக் கட்டச் சொன்னேன்?”

பந்து பிசகாமல் போனது. மைதானம் உதைத்தவன் பேரைக் கத்தியது. ஹார்லன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

இன்றைக்கும் டெல்மரின் பேரை எவனும் சொல்வதில்லை. யாராவது சொல்லிவிடப் போகிறார்களே என்று ஞாயிறுதோறும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஹார்லன்தான்.