பல்லுவலி ராஜாவும் கிராம்புக்காரி பூவாயியும்

முன்னொரு காலத்துல, பல்லுவலிக்கு மருந்தே தெரியாத ஒரு ஊர்ல, ஒரு ராஜா இருந்தாராம். அவருகிட்ட கொப்பணன்னு ஒரு பல்லுப்புடுங்கி இருந்தானாம். அவன் எப்படிப் புடுங்குவான் தெரியுமா? நாலு பேரு கையையும் காலையும் அமுக்கிக்குவாங்க, ரெண்டு பேரு தவுல் அடிப்பாங்க, இவன் குறடைப் போட்டு இழுப்பான். தவுல் எதுக்கு? அலறுற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுல்ல, அதுக்கு!

ஒரு நாள் ராஜாவுக்கே கடவாய்ப்பல்லு ஆடி, கன்னம் வீங்கிப்போச்சு. தவுல் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சாரு, கண்டுபுடிச்சுட்டாங்க. நெல்லுக் குதிருக்குள்ள ஒளிஞ்சாரு, கண்டுபுடிச்சுட்டாங்க. யானைக் கொட்டாயில ஒளிஞ்சாரு, யானையே காட்டிக் குடுத்துருச்சு. சிரிக்காதீங்க, உங்களுக்கு வலிச்சாத் தெரியும்!

அந்தச் சமயம் பாத்து, கிராம்பு விக்கிற பூவாயி வெளியூர்லருந்து அரண்மனைக்கு வந்தா. "ராஜா, கொஞ்சம் வாயைத் தொறங்க"ன்னு சொல்லி, கிராம்பு எண்ணெயைப் பஞ்சுல நனைச்சு ஈறுல வெச்சா. கொஞ்ச நேரத்துல ஈறு மரத்துப்போச்சு. அப்புறம் வெரலால ஒரு அசை அசைச்சா, பல்லு கையோட வந்துருச்சு.

"எப்பம்மா புடுங்குவே?"ன்னாரு ராஜா.

"புடுங்கியாச்சுங்க ராஜா!"

கொப்பணனுக்கு வந்துச்சே கோவம்! "வலிக்காம பல்லு வருமா? இது சூனியம் ராஜா! இவளைச் சிறையில போடுங்க!"ன்னு குதிச்சான். ராஜாவுக்கும் பயம் வந்துருச்சு. காவக்காரங்க பூவாயி கையைப் புடிச்சுட்டாங்க.

அவ கொப்பணனையே உத்துப் பாத்தா. "ஏண்ணே, வெத்தலையை ஒத்தப் பக்கமாவே மெல்லுறீங்களே, ஏன்?"னு கேட்டா.

கொப்பணன் வாயைப் பொத்திக்கிட்டான். காவக்காரங்க தொறந்து பாத்தா, மூணு வருசத்துச் சொத்தைப்பல்லு! அவன் குறடுக்கு அவனே பயந்து மறைச்சு வெச்சிருந்திருக்கான்.

ராஜா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "சரி, உன் முறையிலயே புடுங்கிருவோம். அடிங்கப்பா தவுலை!"

நாலு பேரு கொப்பணனை அமுக்குனாங்க, ஒரு காவக்காரன் குறடை எடுத்தான். குறடு பல்லைத் தொட்டுச்சோ இல்லையோ, "ஐயோ தாயே, பூவாயி, அந்தச் சூனியத்தை எனக்கும் வையிம்மா!"ன்னு கத்துனான் பாருங்க, தவுலையும் மீறிக் கேட்டுச்சு!

காவக்காரங்க கையை விட்டதும், பூவாயி சிரிச்சுக்கிட்டே வெச்சுவிட்டா. வலிக்காம வந்துருச்சு.

அன்னைலருந்து கொப்பணனுக்கு என்ன வேலைங்கறீங்க? பூவாயிக்குக் கிராம்பு இடிக்கிறது. யாரு பல்லுவலின்னு வந்தாலும், "பயப்படாதீங்க, இவ சூனியக்காரி இல்லை, நான்தான் மடையன்"னு வாசல்ல நின்னு மூணு தடவை சொல்றது.

ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா, சத்தத்தை மறைக்கக் கூடாது கண்ணுங்களா, வலியைத்தான் பாக்கணும். கதையும் ஆச்சு, உங்க வாயில இருந்த முட்டாயும் கரைஞ்சாச்சு. எழுந்து போயி எல்லாரும் பல்லு வெளக்குங்க!