தலைவர் இல்லாத கூட்டத்துக்குத் தலைவர்

அல்லிக்குளத்தங்கரைப் பள்ளிக்கூடத்தில் கௌதாரி டீச்சரின் வகுப்புக்குத் தனிப் புகழ் உண்டு. "பருந்து வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்டால் போதும். குஞ்சுகள் எல்லாம் எழுந்து நிற்கும். தலையை நிமிர்த்தும். ஒரே குரலில், "பருந்து வந்தால் பதுங்குவோம் டீச்சர்!" என்று முழங்கும்.

ஒருநாள் பருந்தே வந்துவிட்டது.

குஞ்சுகள் எழுந்து நின்றன. தலையை நிமிர்த்தின. ஒரே குரலில், "பருந்து வந்தால் பதுங்குவோம் டீச்சர்!" என்று முழங்கின.

பருந்துக்கே தூக்கிவாரிப் போட்டது. அது இரை தேடித்தான் வந்தது, இப்படி ஒரு மரியாதையை எதிர்பார்க்கவில்லை. அந்தத் திகைப்பில் அதன் குறி தவறியது. பொட்டு என்ற குஞ்சின் வால் இறகு மட்டும் நகத்தில் சிக்கிக்கொண்டு போயிற்று.

பொட்டு திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தது. பிறகு டீச்சரைப் பார்த்தது.

"டீச்சர், நான் சொன்ன விடை சரிதானே?"

கௌதாரி டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விடை சரிதான். அதுதான் கொடுமை! பருந்து மறுபடி வரும். கோடையில், மறைவாக இருக்கும் புல்லும் காய்ந்துகொண்டே போகிறது. அதற்குள் பிள்ளைகளுக்கு ஒளியக் கற்றுத்தர வேண்டும். எப்படிக் கற்றுத்தருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வருஷா வருஷம் நமக்குப் பயிற்சி நடக்குதே, அங்கே கேட்டுப் பாருங்களேன்" என்றார், குளத்துப் படித்துறையில் வகுப்பு நடத்தும் தவளை சார். சொன்ன கையோடு அவரே சிரித்துவிட்டார்.

பயிற்சி என்றால், கொக்கு அதிகாரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு காலையிலிருந்து மாலைவரை பேசுவார். ஆசிரியர்கள் தலையாட்டுவார்கள். கேள்வி கேட்க யாருக்கும் இடம் கிடையாது. அத்தனை பயிற்சிக்கும் போய் முயல் சார் கற்றுக்கொண்டது ஒன்றுதான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவது!

கௌதாரி டீச்சர் யோசித்தார். "அப்போ நாமளே ஒரு கூட்டம் போடுவோம் சார்! பேச்சாளர் வேண்டாம். மேடை வேண்டாம். வட்டமா உட்காருவோம். யாருக்கு எது தெரியலையோ அதைக் கேட்கலாம். தெரிஞ்சவங்க சொல்லலாம். ஒரு மரத்தடியில நடக்கிற பேச்சு பிரயோஜனமில்லைன்னா, எழுந்து அடுத்த மரத்தடிக்குப் போயிடலாம். யாரும் கோவிச்சுக்கக் கூடாது."

"எழுந்து அடுத்த மரத்தடிக்கா?" என்றார் ஆமை டீச்சர். "நான் போய்ச் சேர்றதுக்குள்ள கூட்டமே முடிஞ்சிடுமே!"

"நீங்க இருக்கிற இடத்துக்கே கூட்டம் வரும் டீச்சர்" என்றார் முயல் சார்.

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஹெச்.எம். மயிலிடம் அனுமதி வாங்கப் போனார்கள். நல்ல மனிதர், இல்லை, நல்ல மயில்தான் அவர். ஆனால் நாலு பேர் சேர்ந்து நின்றாலே அவருக்குத் தோகை தானாக விரிந்துவிடும்.

"பேஷா நடத்துங்க! யாரு தலைமை?"

"தலைமைன்னு யாரும் இல்லை சார்" என்றார் கௌதாரி டீச்சர்.

"அப்படிப் போட முடியாதே! அழைப்பிதழ்ல தலைமைங்கிற இடம் காலியா இருந்தா அசிங்கமா இருக்காதா?"

"இது தலைவர் இல்லாத கூட்டம் சார்."

மயில் கொஞ்ச நேரம் கழுத்தைச் சாய்த்து யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தார். "அதுக்கென்ன டீச்சர்! தலைவர் இல்லாத கூட்டத்துக்கு நானே தலைவரா இருந்துட்டுப் போறேன்!"

மறுநாள் ஆலமரத்தில் அழைப்பிதழ் தொங்கியது. 'தலைவர் இல்லாக் கூட்டம். தலைமை: மயில். வரவேற்புரை: மயில். சிறப்புரை: மயில். நன்றியுரை: ஆமை.' சிலந்தி இரவு பகலாக நெய்து, சரக்கொன்றைப் பூப் பதித்துப் பளபளவென்று ஒரு பொன்னாடையும் தயாராக்கிவிட்டது.

கூட்ட நாள் வந்தது. கரையிலே ஒரு பாறை மேடையாயிற்று. மயில் அதில் ஏறித் தோகையை விரித்தார்.

"குளம் போற்றும் குரலோன், மழைக்கே முன்னுரை பாடும் தவளை சார் அவர்களே! ஓடு சுமந்தாலும் பாடம் சுமக்கத் தயங்காத ஆமை டீச்சர் அவர்களே! காது நீண்டாலும் கடமையில் குறுகாத முயல் சார் அவர்களே!"

எல்லோரும் கை தட்டினார்கள். கௌதாரி டீச்சர் எழுந்தார். "சார், என் பிள்ளைங்களுக்கு ஒளியறதுக்கு..."

"உட்காருங்க டீச்சர், வரவேற்புரை நடந்துக்கிட்டிருக்கு!"

அணில் வரவேற்கப்பட்டது. நத்தை வரவேற்கப்பட்டது. பாறைக்கு நிழல் தந்த மரம் வரவேற்கப்பட்டது. கௌதாரி டீச்சர் மறுபடி எழுந்தார். மறுபடி உட்கார வைக்கப்பட்டார். முயல் சார் கண்ணைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆமை டீச்சர் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு நன்றியுரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

அப்போது தரையில் ஒரு நிழல் வட்டமிட்டது.

பேச்சின் வேகத்தில் இருந்த மயில் அண்ணாந்து பார்த்தார். "மேலும், இக்கூட்டத்தைச் சிறப்பிக்க வானிலிருந்து நேரடியாக வருகை தந்திருக்கும் பருந்து அவர்களே! வருக, வருக என..."

பழக்க தோஷம்! எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பருந்து நேராகத் தவளை சாரைக் குறிவைத்து இறங்கியது. மயிலோ, வந்தவருக்குப் போர்த்த வேண்டும் என்று பொன்னாடையை விரித்துக்கொண்டு முன்னால் போனார். பருந்தின் கால் இரண்டும் அதில் மாட்டிக்கொண்டன. அது உதறியது. சிலந்தியின் நெசவு லேசில் விடுமா?

"பதுங்குங்க!" என்று அலறினார் கௌதாரி டீச்சர்.

அத்தனை பேரும் விழுந்தடித்துக்கொண்டு முள்புதருக்குள் பாய்ந்தார்கள். ஆமை டீச்சரை முயல் சார் உருட்டிக்கொண்டே உள்ளே சேர்த்தார். பருந்து பொன்னாடையோடு பட்டமரத்தில் போய் உட்கார்ந்து, காலைக் கொத்திக்கொண்டே புதரை முறைத்தது. யாரும் வெளியே தலைகாட்ட முடியாது.

புதருக்குள் மேடை போட இடமில்லை. ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். மயிலின் தோகை அவர் முகத்தின் மேலேயே மடங்கிக் கிடந்தது.

"இப்புதருக்கு வருகை தந்திருக்கும்..." என்று ஆரம்பித்தார் மயில். முயல் சார் தன் காதை எடுத்து அவர் அலகைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

அந்த அமைதியில் கௌதாரி டீச்சர் மெல்லப் பேசினார்.

"பார்த்தீங்களா? நாமளும் என் பிள்ளைங்க மாதிரியே எழுந்து நின்னோம். அதுங்க மேல தப்பில்லை. நான் பதில் சொல்லத்தான் கத்துக்கொடுத்தேன், ஒளியக் கத்துக்கொடுக்கலை. எனக்கு எப்படின்னு தெரியலை. யாராவது சொல்லுங்களேன்."

ஒரு ஆசிரியர் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

தவளை சார்தான் முதலில் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு நேர் எதிர்க் கஷ்டம் டீச்சர். வெட்கமா இருக்கு, சொல்லிடறேன். என் பிள்ளைங்க சருகு விழுந்தாலும் தண்ணிக்குள்ள குதிச்சிடுதுங்க. மேகம் போனா குதிக்குதுங்க. நான் தும்மினா குதிக்குதுங்க! பாடத்துல முதல் வரியைத் தாண்டவே முடியலை. உங்க பிள்ளைங்க அப்படி அசையாம நிக்குதே, எப்படி?"

கௌதாரி டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் கௌதாரி டீச்சரைப் பார்த்தார்.

"சேர்த்து உட்கார வைப்போமா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஒரு குஞ்சு, ஒரு தவளைக்குட்டி, ஜோடி ஜோடியா!" என்றார் முயல் சார், தூக்கம் முழுசாகக் கலைந்தவராக. "வாயால கேள்வி கேட்காதீங்க டீச்சர். நிழல் விழணும். நிழல்தான் கேள்வி!"

"பருந்து மாதிரி பெரிய நிழலுக்கு எங்கே போறது?" என்றார் ஆமை டீச்சர்.

எல்லோரும் மயிலின் தோகையைப் பார்த்தார்கள். முயல் சார் காதை அவிழ்த்துவிட்டார்.

மயில் முகத்திலிருந்து தோகையை விலக்கினார். "நான் வர்றேன். எனக்கும் ஒண்ணு தெரியலைங்க. பேச ஆரம்பிச்சா எங்கே நிறுத்தறதுன்னு தெரியலை."

"நான் பக்கத்துல நின்னு செருமறேன் சார்" என்றார் ஆமை டீச்சர். "அந்த இடத்துல நிறுத்திடுங்க."

பருந்து அலுத்துப்போய்ப் பறந்த பிறகும் கூட்டம் முடியவில்லை. இருட்டுகிறது என்று யாரோ சொல்லித்தான் கலைந்தார்கள்.

மறுநாள் குளக்கரையில் வகுப்பு ஆரம்பமாயிற்று. மேட்டின் மேல் மயில் தோகையை விரித்துக்கொண்டு ஓடினார். நிழல் விழுந்தது. குஞ்சுகள் எழுந்து நின்று முழங்கின. தவளைக்குட்டிகள் குளத்தில் குதித்தன. மயில் மறுபடி ஓடினார். நாலைந்து நாளில் தவளைக்குட்டிகள், பக்கத்துக் குஞ்சைப் பார்த்து, முதலில் அண்ணாந்து பார்க்கப் பழகின. குஞ்சுகள், பக்கத்துத் தவளைக்குட்டியைப் பார்த்து, புதருக்குள் குதிக்கப் பழகின. மயிலுக்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறக்காமல் அவர் நடத்திய முதல் பாடம் அதுதான்!

பிறகு நிஜப் பருந்து வந்தது. சரக்கொன்றைப் பூ ஒன்று அதன் காலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நிழல் விழுந்தது. பொட்டு எழுந்து நின்றது. தலையை நிமிர்த்தியது. "பருந்து வந்தால்..."

கௌதாரி டீச்சருக்கு உயிரே போய்விட்டது.

பக்கத்திலிருந்த தவளைக்குட்டி அண்ணாந்து பார்த்தது, குதித்தது. அது குதித்த வேகத்தில் பொட்டும் குதித்தது. ஒன்று தண்ணீருக்குள், ஒன்று புதருக்குள். கண் மூடித் திறப்பதற்குள் கரை வெறிச்சென்று ஆகிவிட்டது. பருந்து வெறும் மண்ணைப் பிராண்டிவிட்டு மேலே போயிற்று. மேட்டில் மயில், "வரு..." என்று வாயெடுத்தார். ஆமை டீச்சர் செருமினார்.

எல்லாம் அடங்கியது. அப்போது முள்புதருக்குள்ளிருந்து, விட்ட இடத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"...பதுங்குவோம் டீச்சர்! விடை சரிதானே?"

"சரிதான்டா என் தங்கமே!" என்றார் கௌதாரி டீச்சர், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "ஆனா உள்ளே இருக்கும்போது சத்தமா சொல்லாதே!"

தெரிந்ததை மேடையேறி முழங்குபவரைவிட, தெரியாததைத் தன்னோடு வேலை செய்பவரிடம் கூசாமல் கேட்பவரே பிள்ளைகளைக் காப்பாற்றும் ஆசிரியர்.